புயல் செய்தியும் திசைவேகப் பாடமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளிகளில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தங்கள் நாளிதழில் வெளிவரும் புயல் செய்திகளைக் கத்தரித்து வகுப்புக்கு எடுத்துச் செல்வது என் நெடுநாள் வழக்கம். வகுப்பு இல்லாத இந்நாளிலும் கத்தரிக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. அச்செய்திகளில் ‘வேகம்’ என்னும் ஒரே சொல் வெவ்வேறு அளவுகளுக்கு மாறி மாறி ஆளப்படுவதால் வாசகருக்கு உண்டாகும் மயக்கத்தைப் பற்றியும், அதைச் சிறிது கவனித்து எழுதினால் ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கு ‘இயக்கம்’ என்ற பாடம் எவ்வளவு தெளிவாக விளங்கும் என்பதைப் பற்றியும் தங்களுக்கு எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வங்கக் கடலில் இருந்தபோது, பக்கத்து வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் சிறுமி நாளிதழைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். “புயல் மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் வேகத்துலதான் வருதாம் தாத்தா. என் சைக்கிளே இதைவிட வேகமாப் போகும். இதுக்குப் போய் எதுக்கு லீவு விட்டாங்க?” என்று கேட்டாள். விடுமுறையைக் குறை சொல்லும் பிள்ளையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அவளுடைய அறிவியல் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன். வேகம் என்பது ஓரலகு காலத்தில் கடந்த தொலைவு என்றும், அது ஸ்கேலர் (திசையற்ற) அளவு என்றும், திசைவேகம் என்பது ஓரலகு காலத்தில் ஏற்பட்ட இடப்பெயர்ச்சி (புறப்பட்ட இடத்திலிருந்து சேர்ந்த இடத்துக்குத் திசையோடு கூடிய நேர்த்தொலைவு) என்றும், அது வெக்டர் (திசையுடைய) அளவு என்றும் ஒரு பிழையும் இல்லாமல் எழுதியிருந்தாள். தேர்வில் கேட்டால் முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அந்த வரையறைகளுக்கும் கையிலிருந்த செய்திக்கும் ஏதேனும் உறவு உண்டு என்ற எண்ணமே அவளுக்குத் தோன்றவில்லை. இது அவளுடைய குறையன்று. எங்களைப் போன்ற ஆசிரியர்களின் குறையும், ஓரளவு செய்தி எழுதுவோரின் குறையும் ஆகும்.

புயல் செய்தியில் இரண்டு இயக்கங்கள் பேசப்படுகின்றன. புயலின் மையம் கடலின் மேல் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்வது ஒன்று. அந்த மையத்தைச் சுற்றிக் காற்று சுழல்வது மற்றொன்று. பம்பரம் விட்டு விளையாடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பம்பரம் தரையில் ஒரு சாண் தூரம் ஊர்ந்து போவதற்குள் எத்தனையோ சுற்றுகள் சுற்றிவிடுகிறது. ஊர்வது மெதுவாக இருக்கிறதே என்று விரலை அதன்மேல் வைப்பவர் யாரும் இல்லை. மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் என்பது அந்த ஊர்தலின் அளவு. அதே ஃபெஞ்சல் புயலில் சுழன்ற காற்றோ கரையைக் கடக்கும்போது மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 90 கிலோமீட்டர் வேகத்திலும் வீசியது. செய்தியின் முதல் பத்தியில் ஒரு ‘வேகம்’, மூன்றாம் பத்தியில் இன்னொரு ‘வேகம்’. எது எதனுடைய வேகம் என்று வாசகரே பிரித்துணர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஊர்தல் மெதுவாக இருப்பது நல்லதென்று கருதுவதற்கும் இடமில்லை. நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல், அதன் பிறகு பல மணி நேரம் ஏறக்குறைய நகராமலே அங்கு நின்றது. அந்த ஒரே நாளில் புதுச்சேரியில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. 2020 டிசம்பரில் புரெவி திருகோணமலைக்கு வடக்கே இலங்கைக் கரையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்கு வந்து வலுக்குறைந்த பின், இராமநாதபுரம் கரைக்கு அருகே நெடுநேரம் அசையாமல் நின்றதும், அதனால் காவிரிப் படுகையின் வயல்கள் நாள்கணக்கில் மழையில் மூழ்கியதும் எங்கள் பகுதியினர் மறக்கக்கூடியவை அல்ல. நகர்வின் வேகம் சுழி என்றால் மழை ஓரிடத்தில் பெய்யும் காலம் நீள்கிறது என்று பொருள். தொலைவைக் காலத்தால் வகுத்தால் வேகம் என்று மட்டுமே மனப்பாடம் செய்த பிள்ளைக்கு, தொலைவை வேகத்தால் வகுத்தால் காலம் என்ற மறுபக்கத்தை இதைவிட அழுத்தமாகச் சொல்லும் எடுத்துக்காட்டு வேறு எங்கே கிடைக்கும்?

இனி, திசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘புயல் மேற்கு-வடமேற்குத் திசையில் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்து வருகிறது’ என்று வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையை ஒட்டித் தாங்கள் அச்சிடும் ஒரு வரி, அளவும் திசையும் ஒருங்கே அமைந்த முழுமையான திசைவேகம் ஆகும். அதில் திசையை நீக்கிவிட்டு, ‘புயல் 240 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது, மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது’ என்று மட்டும் எழுதினால், இருபது மணி நேரத்தில் நம் வீட்டு வாசலுக்கு வந்துவிடும் என்று எவரும் கணக்குப் போடுவார்கள். நம்மை நோக்கி நேராக வந்தால்தான் அந்தக் கணக்குச் செல்லும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னைக்கு அருகே கடலில் வந்தும் சென்னையில் கரையேறாமல், வடக்கு நோக்கிக் கரையை ஒட்டியே சென்று, டிசம்பர் 5 அன்று ஆந்திரத்தின் பாபட்லாவுக்கு அருகே கரையைக் கடந்தது. மழை வெள்ளத்தில் சென்னை தத்தளித்தது உண்மை. ஆனால் சூறைக்காற்றின் முழு வலிமையும் அந்நகரின்மேல் இறங்காமல் போனதற்கு அதன் வேகம் காரணமன்று, அது சென்ற திசையே காரணம்.

தொலைவுக்கும் இடப்பெயர்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டுக்கு நான் வகுப்பில் எப்போதும் பயன்படுத்தியது 2013 டிசம்பரில் வந்த மாடி புயல். வங்கக் கடலின் தென்மேற்குப் பகுதியில் உருவாகி, வடக்கு நோக்கி நெடுந்தூரம் சென்று, ஆந்திரத்துக்குத்தான் போகிறது என்று எல்லோரும் எண்ணிய வேளையில் தென்மேற்காகத் திரும்பி வந்து, வலுவிழந்த நிலையில் வேதாரண்யத்துக்கு அருகே கரையேறியது. வரைபடத்தில் அதன் பாதையின்மேல் ஒரு நூலை வளைத்து வைத்து அளந்தால் அது கடந்த தொலைவு கிடைக்கும். தொடக்கப் புள்ளியையும் முடிவுப் புள்ளியையும் அளவுகோலால் நேராக இணைத்தால் இடப்பெயர்ச்சி கிடைக்கும். முன்னது மிகப் பெரியது, பின்னது அதைவிட மிகச் சிறியது. இரண்டையும் ஒரே காலத்தால் வகுக்கும்போது சராசரி வேகமும் சராசரித் திசைவேகமும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டு வியந்தார்கள். பாடநூல்களில் வழக்கமாக வரும் ‘ஒருவன் வடக்கே 4 கிலோமீட்டரும் கிழக்கே 3 கிலோமீட்டரும் நடந்தான்’ என்ற கணக்கை நான் குறை கூறவில்லை. ஆனால் அவன் ஏன் அப்படி நடந்தான் என்று எந்த மாணவனும் கவலைப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

காற்றின் திசையைக் குறிப்பதில் நம் மொழி மிகப் பழமையான நுட்பம் உடையது. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. கடற்கரையில் சோழகம், கச்சான் என்று இன்னும் பல பெயர்கள் வழங்குகின்றன. காற்றென்றால் எந்தத் திசைக் காற்று என்று கேட்டறிந்த பிறகே படகைத் தள்ளிய மக்களுக்குத் திசைவேகம் புதிய கருத்தன்று. ஆயினும் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. காற்றுக்கு அது புறப்பட்டு வரும் திசையால் பெயரிடுகிறோம். புயலின் நகர்வையோ அது போய்ச்சேரும் திசையால் சொல்கிறோம். ஆகவே வடகிழக்குக் காற்றுக்கு அம்புக்குறி வரையச் சொன்னால் அதன் கூர்முனை தென்மேற்கை நோக்க வேண்டும். வடகிழக்குத் திசையில் நகரும் புயலுக்கு வரைந்தாலோ கூர்முனை வடகிழக்கையே நோக்க வேண்டும். நல்ல மாணவர்களும் இங்கே தடுக்கி விழுவதைக் கண்டிருக்கிறேன். செய்தியில் ‘வடகிழக்கிலிருந்து வீசும் காற்று’ என்று ‘இருந்து’ என்னும் உருபைச் சேர்த்து எழுதினால் இந்தத் தடுக்கல் நேராது.

‘70 முதல் 80 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 90 கிலோமீட்டர் வேகத்திலும்’ என்ற தொடரிலும் ஒரு பாடம் அடங்கியிருக்கிறது. முதலில் சொல்லப்படுவது ஒரு குறித்த கால அளவுக்கு எடுத்த சராசரி. இந்திய வானிலை ஆய்வுத் துறை அதற்கு மூன்று நிமிடச் சராசரியைக் கொள்கிறது. அமெரிக்காவில் ஒரு நிமிடச் சராசரியைக் கொள்கிறார்கள் என்பதால் அவர்கள் தரும் எண் பெரும்பாலும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்; வெளிநாட்டு இணையதளத்தைப் பார்த்து நம் துறை உண்மையை மறைப்பதாகக் கூறுவோர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ‘இடையிடையே’ என்பது சில நொடிகளே நீடிக்கும் வன்வீச்சு. கணநேர வேகத்துக்கு மிக அருகில் வரும் அளவு அதுதான். மரத்தைச் சாய்ப்பதும் கூரையைப் பெயர்ப்பதும் பெரும்பாலும் அந்த வீச்சே. காற்று ஒரு சுவரின்மேல் செலுத்தும் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகிறது. (புயல் என்று அழைக்கத் தேவையான எல்லை மணிக்கு 62 அல்லது 63 கிலோமீட்டர் என்று ஒழுங்கற்ற எண்ணாக இருப்பது ஏன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். மூல அளவு 34 நாட் என்பது. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்.)

சராசரி என்பதைப் பற்றிப் பேசும்போது, பன்னிரண்டாம் வகுப்பு வரை தொடரும் ஒரு பிழையையும் சொல்லியாக வேண்டும். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் 40 கிலோமீட்டர் என்று கொள்வோம். பேருந்து போகும்போது மணிக்கு 40, திரும்பும்போது மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் சராசரி வேகம் என்ன என்று கேட்டால், வகுப்பில் முக்கால்வாசிப் பேர் 50 என்பார்கள். போக ஒரு மணி நேரம், வர நாற்பது நிமிடம், ஆக நூறு நிமிடத்தில் 80 கிலோமீட்டர். சராசரி 48 தான். மெதுவாகப் போன வழியில் பேருந்து அதிக நேரம் செலவிட்டதால் அந்த வேகத்துக்குக் கணக்கில் அதிகப் பங்கு கிடைக்கிறது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிட்டதால் அதே பயணத்தின் சராசரித் திசைவேகம் சுழி. இந்தச் சுழியைக் கண்டு மாணவர்கள் சிரிப்பார்கள். டீசல் செலவாயிற்று, பயணச்சீட்டும் கிழித்தாயிற்று, திசைவேகம் மட்டும் எப்படிச் சுழியாகும் என்பது அவர்கள் கேள்வி.

அந்தச் சிரிப்பை நிறுத்தியது கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த அப்புயலின் காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வீசியது. நம் அரைக்கோளத்தில் புயல் காற்று மையத்தைச் சுற்றி இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழல்கிறது. கிழக்கிலிருந்து வரும் புயலின் பாதையில் நேராக இருக்கும் ஊருக்கு, மையம் வருவதற்கு முன் காற்று வடக்கிலிருந்து வீசும். மையம் மேலே வந்ததும் காற்று அடங்கி, புயல் ஓய்ந்துவிட்டது என்று நம்பத் தோன்றும். மையம் கடந்தபின் ஏறக்குறைய அதே வேகத்தில் தெற்கிலிருந்து திருப்பி அடிக்கும். முதல் அடியில் வேர் தளர்ந்த தென்னையை இரண்டாவது அடி எதிர்ப்பக்கம் சாய்த்துவிடும். வேகத்தைக் குறிக்கும் கருவியின் முள் இரண்டு முறையும் ஒரே எண்ணைத்தான் காட்டும். திசைவேகமோ முழுக்கத் தலைகீழாக மாறிவிட்டது. இரண்டையும் கூட்டிச் சராசரி கண்டால் கணக்குப்படி சுழிதான் வரும். அந்தச் சுழியின் பொருளைப் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதித் தென்னந்தோப்புகளில் நின்று பார்த்தவர்கள், ஒரு சராசரி எதையெல்லாம் மறைத்துவிடும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லாமல் அறிந்துகொண்டார்கள். காற்று அடங்கியதும் வெளியே வர வேண்டாம் என்று அதிகாரிகள் ஒலிபெருக்கியில் சொல்வதன் காரணம் இந்தத் திசைமாற்றம்தான் என்பதைச் செய்தியில் ஒரு வரி சேர்த்து விளக்கினால், எச்சரிக்கைக்கு மதிப்புக் கூடும்.

இதே இடஞ்சுழியிலிருந்து மற்றொன்றும் விளங்கும். மேற்கு நோக்கி வரும் புயலின் வடபக்கத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்காக, அதாவது புயல் நகரும் திசையிலேயே வீசுகிறது; தென்பக்கத்தில் அதற்கு எதிராக வீசுகிறது. சுழற்சியின் வேகம் 100, நகர்வின் வேகம் 20 என்று எளிமைக்காக வைத்துக்கொண்டால், தரையில் நிற்பவருக்கு வடபக்கத்தில் 120 ஆகவும் தென்பக்கத்தில் 80 ஆகவும் படும். அழுத்தத்தில் அந்த வேறுபாடு இரண்டு மடங்குக்கும் மேலாகிறது. மேலும், வடபக்கக் காற்று கடல்நீரைக் கரைமேல் தள்ளுகிறது. தென்பக்கக் காற்று நீரைக் கரையிலிருந்து வெளியே தள்ளுகிறது. ஆகையால் புயல் கடக்கும் இடத்தின் பெயரைத் தெரிந்துகொண்டால் போதாது. நம் ஊர் அதற்கு வடக்கே இருக்கிறதா தெற்கே இருக்கிறதா என்பதும் தெரிய வேண்டும். அறிக்கையில் தரப்படும் காற்று வேகம் தரையைச் சார்ந்த அளவு என்பதால் நகர்வின் பங்கும் அதனுள் அடங்கியே இருக்கும். அதோடு நகர்வு வேகத்தை மறுபடி கூட்டிவிடக் கூடாது என்பதை மாணவர்களுக்கு நினைவூட்ட வேண்டும்.

கலைச்சொற்களைப் பற்றியும் ஒன்று கூற அனுமதியுங்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வேகம், திசைவேகம், முடுக்கம் (திசைவேகம் மாறும் வீதம்) என்று வழங்குபவை இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் முறையே கதி, வேகம், ஆர்முடுகல் எனப்படுகின்றன. அதாவது நாம் திசையற்ற அளவுக்கு வைத்திருக்கும் ‘வேகம்’ என்ற சொல்லை அவர்கள் திசையுடைய அளவுக்கு வைத்திருக்கிறார்கள். இன்று மாணவர்கள் இணையத்தில் யாழ்ப்பாணத்து ஆசிரியரின் காணொளியையும் மதுரை ஆசிரியரின் காணொளியையும் அடுத்தடுத்துப் பார்க்கிறார்கள். இவ்வேறுபாட்டை முதலிலேயே சொல்லாவிட்டால் குழம்பாமல் என்ன செய்வார்கள்? என் தனிப்பட்ட கருத்தில் நம் ‘திசைவேகம்’ பொருளைத் தன்னகத்தே காட்டும் நல்ல சொல். ஆனால் ‘முடுக்கம்’ என்பதில், மாட்டை முடுக்குவது போல விரைவைக் கூட்டுவது மட்டுமே தோன்றுகிறது. வேகம் மாறாமல் திசை மட்டும் மாறினாலும் அது முடுக்கமே. வளைவில் ஒரே வேகத்தில் திரும்பும் பேருந்தில் நாம் ஒருபக்கம் சாய்வது அதனால்தான். இலங்கையினர் வேகம் குறைவதற்கு ‘அமர்முடுகல்’ என்று தனிச்சொல் வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்தது.

இவற்றைப் புரிந்துகொள்ளத் தடுமாறும் பிள்ளைகளை மந்தபுத்தி என்று திட்டும் ஆசிரியர்கள் சற்றுப் பொறுமை காட்டலாம். விழும் பொருளின் வேகம் அது விழுந்த தொலைவுக்கு ஏற்பக் கூடுகிறது என்று 1604ஆம் ஆண்டில் கலிலியோவே தம் கடிதம் ஒன்றில் எழுதினார். தொலைவுக்கு அன்று, காலத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்று பின்னர்த்தான் திருத்திக்கொண்டார். அவருக்கே அவ்வளவு காலம் தேவைப்பட்ட பாடத்தை நாம் ஆறு பாடவேளையில் முடித்துவிடுகிறோம்.

தங்களிடம் நான் வேண்டுவது மிகுதியன்று. புயல் செய்தியில் மையத்தின் இயக்கத்தை ‘நகர்வு வேகம்’ என்றும், சுழலும் காற்றின் இயக்கத்தைக் ‘காற்று வேகம்’ என்றும் தவறாமல் பிரித்து எழுதுங்கள். தலைப்பில் இடமில்லை என்பதற்காகத் திசையை விட்டுவிடாதீர்கள். புயல் உருவானபின் வானிலை ஆய்வுத் துறை மூன்று மணிக்கு ஒருமுறை மையத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் வெளியிடுகிறது. அவற்றை நேரத்தோடு சேர்த்து ஒரு சிறு அட்டவணையாக நாள்தோறும் அச்சிட்டால், வரைபடத்தாளும் பென்சிலும் உள்ள எந்த மாணவரும் புயலைத் தாமே பின்தொடரலாம். நம் பகுதியில் ஒரு பாகை அட்சரேகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர், ஒரு பாகை தீர்க்கரேகை ஏறத்தாழ 109 கிலோமீட்டர். காலை 8.30 மணிக்கு வடக்கு 10.0, கிழக்கு 83.0 என்றிருந்த மையம் 11.30 மணிக்கு வடக்கு 10.2, கிழக்கு 82.8 என்று ஆனால், வடக்கே 22 கிலோமீட்டரும் மேற்கே 22 கிலோமீட்டரும் நகர்ந்திருக்கிறது. பிதாகரஸ் தேற்றப்படி இடப்பெயர்ச்சி வடமேற்கே சுமார் 31 கிலோமீட்டர், திசைவேகம் வடமேற்கே மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர். புள்ளிகள் நெருங்கினால் புயல் மெதுவாகிறது, விலகினால் விரைகிறது, வரிசை வளைந்தால் திரும்புகிறது.

பக்கத்து வீட்டுச் சிறுமிக்கு ஃபெஞ்சலின் புள்ளிகளை அது கரையைக் கடந்த மறுநாள் குறித்துக் காட்டினேன். புதுச்சேரிக்கு அருகே புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிவதைப் பார்த்தவள், “இங்க வந்து நின்னுட்டுதா?” என்று கேட்டாள். நாங்கள் இருவரும் அந்த எண்களைச் சேகரிக்கக் கைப்பேசியில் நான்கைந்து இடங்களில் தேட வேண்டியிருந்தது. காலையில் நாளிதழிலேயே அவை இருந்திருந்தால் அவள் என்னைத் தேடி வந்திருக்கவே மாட்டாள். இக்கடிதம் நீண்டுவிட்டது என்பதை அறிவேன். இடம் போதாவிட்டால் இதை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். அடுத்த புயலின்போது அந்த அட்டவணையை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
மயிலாடுதுறை.